பட்டினி மண்ணின் பூ

பிரிட்டனின் 1959-ஆம் ஆண்டுக் களைச் சட்டம் ஐந்து செடிகளைப் பெயர் சொல்லிக் கூண்டில் ஏற்றுகிறது. அவற்றில் இரண்டு திஸில்கள். ஒருவர் நிலத்தில் இவை மண்டிப் பக்கத்து வயலுக்குப் பரவும் என்றால், அழிக்கச் சொல்லி அரசு நோட்டீஸ் அனுப்பலாம். வட கடலைத் தாண்டி ஜெர்மனிக்குப் போனால் நிலைமை தலைகீழ். அதே குலத்தைச் சேர்ந்த ஒரு முட்செடியை அங்கே மேட்டு நிலத்திலிருந்து பறித்தாலோ தோண்டினாலோ அபராதம் விழும். காய்ந்த தலையிலிருந்து நாலு விதையை உதிர்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வதும் அதே கணக்கில்தான் சேரும். சட்டத்தின் கண்ணில் விதையும் செடிதான்.

திஸில் என்பது ஒரே செடியின் பெயரல்ல. சூரியகாந்திக் குடும்பத்தில், இலை விளிம்பெல்லாம் முள்ளும் தலையில் குச்சம் கட்டிய பூவுமாக இருக்கும் ஏராளமான இனங்களுக்குப் பொதுப்பெயர். எண்ணெய்க்காக நாம் பயிரிடும் குசும்பா இவற்றுக்கு நெருங்கிய சொந்தம். நம் தரிசுகளில் முள்ளும் மஞ்சள் பூவுமாக நிற்கும் பிரமதண்டைப் பார்த்தால் இதுதான் திஸில் என்று தோன்றும். ஆனால் அது மெக்சிகோவிலிருந்து வந்து சேர்ந்த, கசகசாக் குடும்பத்துச் செடி. உறவே கிடையாது.

ஒரே குலத்தில் ஒன்று களை, ஒன்று காக்கப்பட வேண்டிய அரிய செடி என்று எப்படிப் பிரிகிறது? காரணம் பெரும்பாலும் மண்ணுக்கு அடியில் இருக்கிறது. பிரிட்டன் சட்டம் குறிப்பிடும் இரண்டில் ஒன்றான வயல் திஸில் பக்கவாட்டில் வேர் ஓட்டும். அந்த வேரில் எங்கு வேண்டுமானாலும் மொட்டுக் கட்டி முளை கிளம்பும். ஏர் ஓட்டினால் வேர் துண்டு துண்டாகும்; துண்டுக்கு ஒரு செடி வரும். உழவன் அழிப்பதாக நினைத்துக்கொண்டு பெருக்கிவிட்டு வருவான். ஜெர்மனி காக்கும் வெள்ளித் திஸிலுக்கு இந்த வித்தை தெரியாது. நேராகக் கீழே போகும் ஓர் ஆணிவேர், ஒரு மீட்டர் ஆழம்கூடப் போகும். அதைத் துண்டித்தால் கதை முடிந்தது. அந்த இடத்தில் மறுபடி வர வேண்டுமென்றால் விதைதான் வர வேண்டும். அந்த விதைக்கு வெறும் மண் கிடைக்க வேண்டும். அந்த மண்ணின் மேல் வெயில் விழ வேண்டும். இந்த மூன்று நிபந்தனைகளும் ஒன்றாகக் கூடும் நிலம் ஐரோப்பாவில் சுருங்கிக்கொண்டே வருகிறது.

வெள்ளித் திஸிலுக்கு 1753-இல் லின்னேயஸ் இட்ட பெயர் கார்லினா அகாலிஸ். அகாலிஸ் என்றால் தண்டில்லாதது. உண்மையில் சற்றுத் தண்டு நீளும் துணையினம் ஒன்றும் உண்டு. ஆனால் மேய்ச்சல் நிலத்தில் பார்க்கக் கிடைப்பது பெரும்பாலும் தரையோடு தரையாக ஒட்டிக் கிடக்கும் வடிவம்தான். ஆழமாக வெட்டுப்பட்ட முள்ளிலைகள் வட்டமாக மண்ணில் படிந்திருக்கும். நடுவில், காம்பே இல்லாதது மாதிரி, உள்ளங்கையை நிறைக்கும் அகலத்தில் ஒற்றைப் பூத்தலை. சுற்றிலும் வெள்ளி நிறத்தில் பளபளக்கும் நீண்ட இதழ்கள்.

அவை இதழ்கள் அல்ல. குனிந்து ஒன்றைத் தொட்டுப் பார்த்தால் தெரியும்: ஈரப்பசையே இல்லாமல் காகிதமாகச் சரசரக்கும். பூத்தலையைத் தாங்கும் பூவடிச் செதில்களின் உள்வரிசைதான் இப்படி நீண்டு வெளுத்து நிற்கிறது. உண்மையான பூக்கள் நடுத்தட்டில் நெருக்கியடித்து நிற்கும் நூற்றுக்கணக்கான சிறு குழல்கள். சூரியகாந்தியில் ஓரத்தில் இருக்கும் மஞ்சள் நாக்குப் பூக்கள் இதில் ஒன்றுகூட இல்லை. வண்டுக்கும் தேனீக்கும் விளம்பரப் பலகை வைக்கும் வேலையைச் செத்த செதில்களிடம் ஒப்படைத்துவிட்டது செடி. செலவு மிச்சம். செதில்களுக்கு நீர் ஊற்ற வேண்டாம், வாடிவிடுமோ என்ற கவலையும் வேண்டாம். ஆகஸ்ட் வெயிலில் மலைச்சரிவே காய்ந்து கிடக்கும்போது இது ஒரு பெரிய வசதி.

செத்த செதில்கள் அசையவும் செய்யும். காற்றில் ஈரம் ஏறினால் மெல்ல மேலெழும்பி, நடுத்தட்டின் மேல் கூம்பாகக் குவிந்துவிடும். வெயில் வந்து காய்ந்தால் மறுபடி விரியும். மகரந்தம் நனையாது, பிறகு விதை முற்றும் காலத்தில், விதையின் தலையில் இருக்கும் இறகுக் குஞ்சமும் நனைந்து ஒட்டிக்கொள்ளாது. காற்றில் பறக்க உலர்ந்த நாள்தான் தோது. அன்றைக்குத்தான் கதவு திறக்கும்.

செடி செத்துப் பல ஆண்டுகள் ஆன பிறகும் இந்த அசைவு நிற்காது. உலர்ந்த பூத்தலை ஒன்றை ஈரத்துணியில் சுற்றி வைத்து, அரை மணி கழித்துப் பிரித்தால் குவிந்திருக்கும். ஜன்னல் வெயிலில் வைத்தால் விரிந்துவிடும். இதற்கு உயிர் தேவையில்லை என்பதுதான் சங்கதி. செதிலின் வெளிப்பக்கத் திசுவும் உட்பக்கத் திசுவும் ஒரே மாதிரி கட்டப்பட்டவை அல்ல. செல் சுவர்களில் செல்லுலோஸ் இழைகள் ஓடும் திசை வேறு. நீர் புகுந்தால் இழைக்குக் குறுக்கேதான் சுவர் உப்பும். இழையின் போக்கில் அவ்வளவாக நீளாது. அதனால் ஈரம் பட்டதும் வெளிப்பக்கம் நீள்கிறது, உட்பக்கம் அவ்வளவு நீளாமல் இழுத்துப் பிடிக்கிறது. இரண்டும் ஒட்டிப் பிறந்தவை என்பதால் வளைவதைத் தவிர வழியில்லை. பைன் மரத்தின் கூம்பும் இதே தத்துவத்தில்தான் திறந்து மூடுகிறது. அந்தக் கூம்பைப் பார்த்து, மோட்டாரோ மின்சாரமோ இல்லாமல் ஈரப்பதத்துக்கு ஏற்பத் திறந்து மூடும் மரத்தகட்டு அமைப்பு ஒன்றை ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகக் கட்டடக் கலைஞர்கள் செய்து, 2012-இல் பாரிஸின் பாம்பிடு மையத்தில் வைத்தார்கள்.

மலைக்கிராமத்து மக்களுக்கு இது எப்போதோ தெரியும். வானிலைத் திஸில் என்றே அதற்கு அங்கே ஒரு பெயர் உண்டு. தெற்கு பிரான்சின் லார்சாக் மேட்டுநிலத்தில் இதன் உறவினமான, இன்னும் பெரிய பூ விடும் கார்லினா அகாந்திஃபோலியாவைக் கதவில் ஆணியடித்து மாட்டுவார்கள். அதே பூவை பாஸ்க் நாட்டுப் பண்ணைவீடுகளின் வாசலிலும் பார்க்கலாம். அங்கே அதற்கு வேறு வேலை: இரவில் வரும் கெட்ட ஆவி அந்தப் பூவின் மயிரையெல்லாம் எண்ணி முடித்த பிறகுதான் உள்ளே வர முடியுமாம்; எண்ணி முடிப்பதற்குள் விடிந்துவிடுமாம். கதையை விட்டுவிட்டு வானிலைக்கு வந்தால், ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். இந்தப் பூ நாளைய மழையைச் சொல்வதில்லை. இப்போது காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பதைத்தான் சொல்கிறது. மழைக்கு முன் பல நேரம் ஈரம் ஏறுவதால் ஜோசியம் பலித்த மாதிரி இருக்கும்.

பூத்தட்டின் அடிச்சதையை ஆல்ப்ஸ் மேய்ப்பர்களும் வேட்டைக்காரர்களும் சீவித் தின்றார்கள். வேருக்கு மருந்துப் புகழ். பேரரசர் சார்லமேன் படையில் கொள்ளைநோய் பரவியபோது, தேவதூதன் ஒருவன் அம்பெய்து காட்டிய செடி இது என்றும், அதனால்தான் கார்லினா என்ற பெயர் வந்தது என்றும் பழங்கதை. கதை எப்படியோ, வேரைத் தேடி வந்தவர்கள் நிஜம். இலையைக் கிள்ளினால் செடி பிழைக்கும், பூவைப் பறித்தாலும் அடுத்த ஆண்டு பூக்கக்கூடும். வேரைத் தோண்டினால் பிழைக்க ஒன்றும் மிச்சமில்லை. அலங்காரத்துக்குப் பூவைப் பறித்தவர்களும் வேரைத் தோண்டியவர்களும் சேர்ந்துதான் முதலில் இதைச் சட்டப் பட்டியலில் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

ஆனால் பறிப்பவர்களை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுப் போக முடியாது. தெற்கு ஜெர்மனியில் ஷ்வேபிஷ் ஆல்ப் என்று ஒரு சுண்ணாம்புக்கல் மேட்டுநிலம் இருக்கிறது. வெள்ளித் திஸில் அந்தப் பகுதியின் அடையாளச் செடி. அங்கே அது வாழ்ந்ததற்குக் காரணம் ஆடு.

ஆட்டின் வாய் முதலில். ஆடுகள் புல்லைக் கரண்டி எடுக்கும். முள் குத்தும் இந்த இலைவட்டத்தை மட்டும் விட்டுவிட்டுப் போகும். தரையில் படிந்த செடிக்கு எதிரி முள்ளைத் தின்னும் விலங்கு அல்ல, உயர்ந்து நிழல் கட்டும் புல். இலையை உயர்த்தத் தெரியாத செடி அது. சுற்றியுள்ள புல் முழங்கால் உயரம் வளர்ந்தால் வெளிச்சம் போய்விடும். ஆடு நாள் தவறாமல் அந்தப் போட்டியாளரை அகற்றித் தருகிறது. அடுத்து ஆட்டின் குளம்பு. சரிவில் ஏறி இறங்கும்போது புல்தரையில் ஆங்காங்கே மண்ணைக் கீறிவிடும். அந்த வெறும் திட்டில்தான் திஸில் விதை முளைத்துக் காலூன்றும். பிறகு ஆட்டின் ரோமம். 1990-களில் ஜெர்மானியத் தாவரவியலாளர்கள் இப்படிப்பட்ட மேய்ச்சல் நிலத்தில் ஒரே ஒரு ஆட்டின் ரோமத்தைப் பதினாறு முறை அலசிப் பார்த்தார்கள். 85 செடியினங்களின் விதைகள், மொத்தம் 8,500-க்கும் மேல் கிடைத்தன. குளிர்காலத்தில் தாழ்நிலத்துக்கும் கோடையில் மேட்டுக்கும் நடந்தே போய் வந்த மந்தைகள், தங்களுக்கே தெரியாமல் மலைக்கு மலை விதை சுமந்தன.

இவற்றையெல்லாம் விட முக்கியமான நாலாவது காரியம் ஒன்று உண்டு. அதைத் தமிழ் வாசகருக்கு விளக்கிச் சொல்லவே வேண்டாம். ராமநாதபுரத்திலிருந்து தஞ்சாவூர் வரை கீதாரிகள் ஆட்டை ஓட்டிக்கொண்டு போய் வயலில் கிடை போடுகிறார்களே, அதே ஏற்பாடு ஷ்வேபிஷ் ஆல்பிலும் இருந்தது. பகலெல்லாம் மந்தை மேட்டில் மேயும். இரவில் கீழே இறக்கி, உழவு நிலத்தில் பட்டிபோட்டு அடைப்பார்கள். விடிந்தால் அந்த வயலுக்கு உரம் கிடைத்திருக்கும். கிடை போடும் உரிமையை ஊர்க்காரர்கள் ஏலம் விட்ட ஊர்கள் உண்டு. உரத்துக்கு அவ்வளவு மதிப்பு. வயல் பக்கத்திலிருந்து பார்த்தால் இது லாபக்கதை. மேட்டு நிலத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால், நூற்றாண்டுக் கணக்கில் தினமும் நடந்த கொள்ளை. ஆடு மேட்டின் சத்தை வயிற்றில் நிரப்பிக்கொண்டு போய் வயலில் இறக்கியது. தழைச்சத்தும் மணிச்சத்தும் வருடா வருடம் வெளியேறின. மேடு பட்டினி நிலம் ஆனது.

அந்தப் பட்டினிதான் அரிய செடிகளின் சொத்து. சத்துள்ள மண்ணில் நாலைந்து வேகமான புல்லினங்கள் எல்லாரையும் அமுக்கிவிடும். சத்தில்லாத மண்ணில் எவருக்கும் வேகம் வராது. மெதுவாக வளர்பவர்களுக்கும் இடம் கிடைக்கும். சுண்ணாம்பு மேட்டின் மேய்ச்சல் புல்வெளியில் ஒரு சதுர மீட்டருக்குள் பத்துப் பதினைந்து இனங்களை எளிதாக எண்ணிவிடலாம் என்றால், அந்தச் செழிப்புக்கு அடிப்படை வறுமை.

1913-இல் லுட்விக்ஸ்ஹாஃபென் அருகே ஒப்பாவ் என்ற இடத்தில், காற்றிலிருக்கும் நைட்ரஜனை அம்மோனியாவாக்கும் முதல் தொழிற்சாலை ஓடத் தொடங்கியது. ஹேபர்–பாஷ் முறை. அடுத்த சில பத்தாண்டுகளில் உரம் மூட்டையில் வந்தது. கிடைக்கு மதிப்புப் போனது. ஆஸ்திரேலியக் கம்பளியின் வரவால் ஆட்டு ரோமத்தின் விலை அதற்கு முன்பே இறங்கியிருந்தது. மேய்ப்பர்கள் தொழிலை விட்டார்கள். மேட்டு நிலங்களில் ஒரு பகுதிக்கு உரம் போட்டுப் பசும்புல் வளர்த்தார்கள். ஒரு பகுதியில் மரம் நட்டார்கள். மீதியை அப்படியே விட்டதில் புதர் மண்டியது. மூன்றிலும் வெள்ளித் திஸிலுக்கு முடிவு ஒன்றுதான்: நிழல். ஒருவர்கூட ஒரு பூவையும் பறிக்கவில்லை.

விசித்திரம் என்னவென்றால், அங்கே வறண்ட மேய்ச்சல் நிலம் பெரிய அளவில் தப்பிப் பிழைத்த இடங்களில் ஒன்று ராணுவத்தின் கையில் இருந்தது. மியூன்சிங்கென் பயிற்சிக்களம், 1895-இல் தொடங்கி 2005 வரை. பீரங்கி வெடிக்கும் இடத்தில் யார் உரம் போடுவார்கள்? மந்தைகளை மட்டும் மேய விட்டார்கள். இன்றும் வெடிக்காத குண்டுகள் மண்ணில் கிடப்பதால் குறித்த பாதைகளை விட்டு விலகக்கூடாது. அந்தக் களம் இப்போது, 2009-இல் யுனெஸ்கோ ஏற்ற உயிர்க்கோளக் காப்பகத்தின் பகுதி.

1997-இல் வெள்ளித் திஸில் ஜெர்மனியின் ‘ஆண்டின் மலர்’ ஆனது. முன்னாள் சான்சலர் ஹெல்முட் ஷ்மிட்டின் மனைவியும் தாவர ஆர்வலருமான லோகி ஷ்மிட் தொடங்கிய ஏற்பாடு அது. அழியும் நிலையிலிருக்கும் காட்டுச்செடி ஒன்றை ஆண்டுதோறும் மக்கள் பார்வைக்குக் கொண்டுவரும். நல்ல விளம்பரம் கிடைத்தது. விளம்பரம் கிடைத்தால் அடுத்து என்ன நடக்கும்? ‘எங்கள் வீட்டில் வளர்க்க முடியுமா?’

முடியும். முதல் நிபந்தனை, நாற்றோ விதையோ நர்சரியிலிருந்து வர வேண்டும். வளர்ப்புச் செடியிலிருந்து வழிவழியாகப் பெருக்கியவற்றுக்குத் தடையில்லை. தொட்டியோடு வரும் ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்வது நல்லது. மலையிலிருந்து தோண்டி வருவது குற்றம் என்பது ஒரு புறம் இருக்கட்டும், அது முட்டாள்தனமும்கூட. வளர்ந்த செடியின் ஆணிவேரை முழுதாக எடுக்க எந்த மண்வெட்டியாலும் முடியாது. பாதி வேரோடு வீட்டுக்கு வந்த செடி கொஞ்ச நாள் பச்சையாக நின்று ஏமாற்றிவிட்டுப் போய்விடும்.

விதை முளைப்பதில் பெரிய சிக்கல் இல்லை. புதிய விதையை மணல் கலந்த மண்ணில் தூவி, மெல்ல அழுத்தி, வெளிச்சமான இடத்தில் வைத்தால் வந்துவிடும். சிக்கல் அதற்குப் பிறகு. முதல் இரண்டு இலை வெளியே தெரியும்போதே கீழே வேர் எங்கோ போய்க்கொண்டிருக்கும். அகலமான தட்டில் நாற்று விட்டவர்கள் பிரித்து நடும்போது அந்த வேர் நுனியை ஒடித்துவிடுவார்கள். ஆழமான, குறுகலான தொட்டியில் ஒன்றிரண்டு விதையாகப் போட்டு, நாற்று சிறிதாக இருக்கும்போதே மண்கட்டி உடையாமல் அதன் நிரந்தர இடத்தில் இறக்கிவிட வேண்டும். இறக்கிய பிறகு மனம் மாறக்கூடாது. இங்கே வேண்டாம், அந்த மூலையில் வைத்தால் அழகாக இருக்கும் என்ற எண்ணமெல்லாம் நடுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். இளம் நாற்றுக்கு முள் இன்னும் கெட்டிப்படாததால் நத்தைகளுக்கு அது விருந்து; அந்தச் சில வாரம் காவல் தேவை.

இடம் என்றால், நாள் முழுக்க வெயில் விழும் பாறைத் தோட்டமோ, சரளை மேடோ. மண்ணில் பாதிக்கு மேல் மணலும் பொடி ஜல்லியும் இருக்கலாம். சுண்ணாம்பு இருந்தால் சந்தோஷம். இந்தச் செடி பனியில் சாவதில்லை. மைனஸ் இருபது டிகிரிக் குளிரையும் மலையில் தாங்கிய குலம் அது. சாவது ஈரத்தில். குளிர்காலத்தில் கழுத்துப் பகுதியைச் சுற்றி நீர் தேங்கினால் அழுகிவிடும். அதனால் அனுபவமுள்ளவர்கள் கழுத்தைச் சுற்றி இரண்டு விரல் கனத்துக்குக் கல் பொடியைப் பரப்புகிறார்கள். மழைநீர் நிற்காமல் இறங்கிவிடும்.

தோட்டக்காரர் மனம் இதற்கு ஒத்துழைக்காது என்பதுதான் உண்மையான பிரச்சினை. செடி சோர்ந்தால் தொழு உரம், பூக்கவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் உரம், இதுதான் கைப்பழக்கம். வெள்ளித் திஸிலுக்கு நல்ல மண்ணைக் கொடுத்துப் பாருங்கள். தரையோடு ஒட்டியிருக்க வேண்டிய செடி தண்டை நீட்டும். இலை தளதளவென்று பெருக்கும். பூத்தலை நீண்ட தண்டின் மேல் ஏறி, மழையில் கனத்துப் பக்கவாட்டில் சாயும். சுற்றியுள்ள மற்ற செடிகளும் அதே உரத்தில் கொழுத்து அதன் மேல் கவிழும். மலையில் நூறாண்டு நடந்ததைத் தோட்டத்தில் இரண்டே பருவத்தில் பார்த்துவிடலாம். ஆடு செய்த வேலையை இங்கே மனிதர் செய்ய வேண்டும்: உரம் போடாமல் இருப்பது, பக்கத்துப் புல்லைக் கத்தரிப்பது, உதிர்ந்த இலைதழையை அங்கேயே மக்க விடாமல் அள்ளிக்கொண்டு போவது. அள்ளியதைக் காய்கறிப் பாத்தியில் போடலாம். அதுவும் கிடைதான்.

பூக்க இரண்டு மூன்று ஆண்டு ஆகும். பூத்த பின் காய்ந்த தலையை வெட்டிக் கதவில் மாட்ட ஆசைப்பட்டால், சொந்தத் தோட்டத்துப் பூவுக்கு யாரும் அபராதம் போட மாட்டார்கள். இருந்தாலும் ஒன்றிரண்டை வெட்டாமல் விடுவது என் கட்சி. குளிர்காலத்தில் விதை தேடி வரும் பொன்சிட்டுகளுக்குத் திஸில் தலை பிடித்த உணவு.

வெள்ளித் திஸிலைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதே மூச்சில் ஆல்ப்ஸின் நீலத் திஸிலையும் சொல்வார்கள். எரிஞ்சியம் ஆல்பினம். மலைநாட்டார் இதை ஆல்ப்ஸின் ராணி என்கிறார்கள். கண்டிப்பாகச் சொன்னால் இது திஸிலே அல்ல, கொத்தமல்லிக் குடும்பம். கேரளத்துத் தோட்டங்களில் ஆப்பிரிக்க மல்லி என்ற பெயரில் வளர்க்கும் வாசனைக் கீரை இதே எரிஞ்சியம் பேரினத்தைச் சேர்ந்தது. நீலத் திஸிலின் பூத்தலையைச் சுற்றி, நுணுக்கமாகக் கிழித்த இறகுகளாக ஊதா நீலச் செதில்கள் பல அடுக்காக நிற்கும். பார்வைக்குக் குத்தும் போலிருக்கும். கை வைத்தால் மெத்தென்று இருக்கும். முள் வேடம் போட்ட செடி.

பூச்செண்டுக்காக அள்ளிக்கொண்டு போனதில் இது பல பள்ளத்தாக்குகளில் அற்றுப்போனது. 1992-ஆம் ஆண்டு ஐரோப்பிய வாழிட ஆணை இதைக் கண்டிப்பாகக் காக்க வேண்டிய இனங்களில் சேர்த்தது. பிரெஞ்சு ஆல்ப்ஸில் லார்ஜென்டியேர் ஊருக்கு மேலே ஃபூர்னெல் பள்ளத்தாக்கில் இது கூட்டமாக வாழும் மிகப்பெரிய இடங்களில் ஒன்று இருக்கிறது. இது ஆட்டுக் கதையல்ல, உலர்புல் கதை. அங்கே புல்வெளியை உலர்புல்லுக்காக அறுத்துவந்தார்கள். அறுப்பது நின்றால் புதர் ஏறும்; சீக்கிரமே அறுத்தால் விதை முற்றாது. இந்தச் செடியின் விதைக்கு இறகுக் குஞ்சம் கிடையாது. தாய்ச்செடியின் காலடியிலேயே விழும். ஓர் இடத்தில் போனால் பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து பறந்து வந்து நிரப்பும் என்று எதிர்பார்க்க முடியாது. அதனால் அரிவாளை எந்த மாதத்தில் எடுப்பது என்பதே அங்கே பாதுகாப்பின் மையக் கேள்வி: விதை உதிர்ந்த பிறகு.

தோட்டத்தில் நீலத் திஸில் வெள்ளித் திஸிலைவிடச் சற்றுத் தாராளம் கேட்கும். ஆழமான, ஓரளவு ஈரம் காக்கும் மண்ணைத் தாங்கும். ஆனால் விதை சோம்பேறி. பழைய விதை முளைப்பதே அரிது. புதிய விதையும் ஒரு குளிர்காலத்தைக் கடந்த பிறகுதான் கண் திறக்கும். இலையுதிர் காலத்திலேயே தொட்டியில் விதைத்து, வெளியே பனியில் விட்டுவிட்டு, வசந்தத்தில் போய்ப் பார்க்க வேண்டும். இன்னொரு வழி வேர்த் துண்டு. குளிர்காலக் கடைசியில் தடித்த வேரை விரல் நீளத்துக்கு வெட்டி, மேல்நுனி மேலே இருக்கும்படி மணலில் நட்டால் துளிர்க்கும். தலைகீழாக நட்டுவிட்டுக் காத்திருப்பவர்களும் உண்டு. அதனால்தான் வெட்டும்போதே மேல்நுனியை நேராகவும் கீழ்நுனியைச் சாய்வாகவும் வெட்டச் சொல்வார்கள்.

நர்சரிகளில் ‘பிக் ப்ளூ’ போன்ற கண்ணைப் பறிக்கும் ரகங்கள் கிடைக்கின்றன. அவை பெரும்பாலும் ஆல்ப்ஸின் ராணிக்கும் பிரனீஸ் மலை எரிஞ்சியம் ஒன்றுக்கும் பிறந்த கலப்பினங்கள். பூச்சாடிக்கு அருமை. அதையும் காட்டினத்தைக் காப்பதையும் ஒன்றாக நினைத்துவிடக் கூடாது. நகரத்துத் தோட்டத்தில் கலப்பினம் நின்றால் யாருக்கும் நஷ்டமில்லை. காட்டுக்கூட்டம் வாழும் பள்ளத்தாக்கின் ஓரத்து வீட்டில் அதை நட்டால், தேனீ வேலி பார்க்காது. எரிஞ்சியங்கள் ஒன்றோடொன்று எளிதில் கலப்பவை. தூய காட்டினமாகவே இருந்தாலும், தோட்டத்து விதையை ஆசையாக மலையில் தூவிவிட்டு வருவது உதவியாகாது. தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்தில் வளர்த்தால், சட்டென்று முளைக்கும் விதைகளைத்தான் நம்மை அறியாமல் தேர்ந்தெடுத்துக்கொண்டே வருகிறோம். வளர்ப்புக் கூட்டங்களில் விதையுறக்கம் குறைந்துபோவதைத் தாவரவியல் பூங்காக்களே கவனித்திருக்கின்றன. தொட்டியில் அது நல்ல குணம். மலையில், குளிர்காலத்தின் நடுவே அடிக்கும் வெயிலை நம்பி முளைத்துப் பிறகு வரும் பனியில் கருகும் குணம். மீள்நடவு செய்கிறவர்கள் அதே மேட்டின் விதையை, அனுமதி பெற்று, எடுத்த இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டு சேகரிப்பது இதற்காகத்தான்.

எலன் வில்மட் என்ற ஆங்கிலேயத் தோட்டக்கலைச் சீமாட்டி (1858–1934), போகிற வீட்டுத் தோட்டங்களிலெல்லாம் காகேசிய எரிஞ்சியத்தின் விதையை யாருக்கும் தெரியாமல் தூவிவிட்டு வருவாராம். அந்த வெளிறிய செடிக்கு ‘மிஸ் வில்மட்டின் ஆவி’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. ரசிக்கத்தக்க குறும்புதான், வீட்டுத் தோட்டத்துக்குள் நிற்கும்வரை.

வெள்ளித் திஸிலை வளர்ப்பதற்கு அழகைத் தாண்டிய காரணம் ஒன்றும் இப்போது சேர்ந்திருக்கிறது. அதன் வேர் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு கார்லினா ஆக்சைடு என்ற ஒரே சேர்மம். கிருமிகளை ஒடுக்கும் என்பது பழைய செய்தி. 2019-இல் இத்தாலிய, செக் ஆய்வாளர்கள், இது கியூலெக்ஸ் குயின்குயிஃபேசியேட்டஸ் கொசுவின் புழுக்களை மிகச் சிறிய அளவிலேயே கொல்வதைக் காட்டினார்கள். நம் ஊர்ச் சாக்கடையில் முட்டையிட்டு யானைக்கால் நோயைப் பரப்பும் அதே கொசு. திராட்சைத் தோட்டப் பூச்சிகள் மேலும் சோதனைகள் நடந்திருக்கின்றன. இவ்வளவு வீரியமுள்ள பொருள் மனித உடலுக்கும் சாதுவாக இருக்காது; பழைய வைத்தியக் கதைகளை நம்பி வேரைக் கஷாயம் வைப்பது வேண்டாத வேலை. கேள்வி, எண்ணெய்க்கு வேர் எங்கிருந்து வரும் என்பது. ஒவ்வொரு வேரும் ஒரு செடியின் உயிர். மலையிலிருந்து எடுத்தால் சார்லமேன் கதையின் காலம் திரும்பிவிடும். வயலில் பயிரிட்டால்தான் உண்டு. களைகளின் குலத்தில் பிறந்ததைப் பாத்தி கட்டி விதைத்து, மற்ற களைகளைப் பிடுங்கிக் காக்க வேண்டிய நிலை.

இவ்வளவும் படித்துவிட்டு, ஊட்டியிலோ கொடைக்கானலிலோ வீடு உள்ளவர்களுக்கு ஒரு விதைப் பொட்டலம் வரவழைத்துப் பார்க்கலாமே என்று தோன்றினால் வியப்பில்லை. செய்யாதீர்கள். நீலகிரியின் சோலைப் புல்வெளிகளை இன்று விழுங்கிக்கொண்டிருக்கும் கோர்ஸ் என்ற முட்புதரும் ஸ்காட்ச் புரூமும் வெள்ளைக்காரர்கள் ஊர் நினைவுக்காகக் கொண்டுவந்து வைத்தவைதான். பிடுங்கப் பிடுங்க வருகின்றன. திஸில் குலத்தில் ஒன்றை வளர்த்தே ஆக வேண்டும் என்றால் குசும்பா இருக்கிறது. முள் உண்டு, குச்சம் கட்டிய பூ உண்டு, ஆழமான ஆணிவேரும் உண்டு. ஐப்பசியில் கரிசலில் விதைத்தால் தை மாதத்தில் பூத்துவிடும்.